தொண்ணூற்றேழாம் நாற்காலிக்குப் பிறகு

இதை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர். அன்று செவ்வாய்க்கிழமை என்றார் ஒருவர். இல்லை, வியாழன் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கிழமையைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றையும் சேர்த்துத் தைத்தது நான்தான். தையல் எங்கெங்கே இருக்கிறது என்பது இப்போது எனக்கே சரியாகத் தெரியவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே பேச்சு.

கராசுனே மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திய பிறகும் தொகிதா இறங்கவில்லை. எதிரே, சறுக்க வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மலைமேல் தூக்கிப்போகும் மூன்றாம் லிஃப்டின் கம்பிகள் வெள்ளைக்குள் ஏறி மறைந்தன. துப்பறியும் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேசாமல் இருப்பதையே அவர் அந்தத் தொழிலின் பெரும்பகுதியாக வைத்திருந்தார். அவர் ஒரு கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிடலாம் என்று அவருடைய உதவியாளர் கனயே சொல்வாள்.

“இறங்கலாமா சார், இல்ல வசந்தம் வரட்டும்னு பாக்கறீங்களா?”

தொகிதா ஒரு சிறிய நோட்டை அவள் மடியில் வைத்தார்.

அது செத்துப்போனவருடைய நோட்டு. உகாய் மொரிஹிகோ, அறுபத்து மூன்று வயது, நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பனிமலைக்குச் சறுக்க வருவார்கள். அவர் ஏற வருவார். எங்கே நீளமான லிஃப்ட் இருந்தாலும் தேடிப்போய் ஒரு தரம் ஏறிவிட வேண்டும். நீளம், நிமிஷம், நாற்காலி எண் என்று மூன்று கட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஹொக்கைடோ, கொரியா, ஆல்ப்ஸ் என்று நாற்பது பக்கங்கள் நிறைந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் கராசுனே. முதல் வரியில் நிமிஷத்துக்குப் பதிலாக, ‘காற்றில் நடுவழியில் நிறுத்திவிட்டார்கள், கணக்கில் சேராது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டாவது வரியில் மூவாயிரம் மீட்டர், நாற்காலி 188. நிமிஷக் கட்டம் காலியாக இருந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன், மாலையில் லிஃப்டை மூடியபோது அவர் அந்தரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை. பனிப்புயல். கத்தியிருப்பார், காத்திருப்பார், கடைசியில் குதித்திருப்பார். மறுநாள் காலையில் ரோந்துக்காரர்கள் கண்டெடுத்தார்கள்.

மூடும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசி ஆளை ஏற்றியதும் அடுத்த நாற்காலியில் கீழே இருப்பவர் ஒரு சிவப்புப் பலகையைத் தொங்கவிட்டு, குறுக்கே கயிறு கட்டி, மேலே போன் செய்வார். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துப் பலகை மேலே வந்து சேர்ந்ததும் அங்கே இருப்பவர் லிஃப்டை நிறுத்துவார். அன்று மேலே இருந்தவர் கொமகாதா. பலகை வருவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டார், பலகையை மறுநாள் காலையில்தான் கழற்றினார் என்பது போலீஸின் கட்சி. நாளைக் காலை பத்து மணிக்கு அவர் போய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வழக்கு. அப்புறம் எந்த மலையிலும் அவருக்கு வேலை கிடையாது, சிறைகூட உண்டு.

லிஃப்டுக் கம்பெனிக்காரர்கள் உகாயின் வீட்டுக்கு வந்து தரையில் நெற்றி பதித்து மன்னிப்புக் கேட்டு, கொமகாதா என்ற பெயரையும் வைத்துவிட்டுப் போனார்களாம். உகாயின் மனைவிதான் அந்த நோட்டோடு தொகிதாவைத் தேடி வந்தாள். இத்தனை சீக்கிரம் ஒரு பெயர் கிடைத்தால் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

கனயே நோட்டை மூடினாள். இந்த வழக்கு வந்த நாளிலிருந்து அவள் தொகிதாவிடம் சொல்லாத ஒன்று இருந்தது.

தொகிதாவிடம் சேர்வதற்கு முன் ஏழு குளிர்காலம் அவள் இதே மலையில் சறுக்குப் பயிற்சி கொடுத்தவள். முழங்கால் போனதும் விட்டுவிட்டாள். பன்னிரண்டு நாளுக்கு முன் விடுமுறை என்று சும்மா வந்திருந்தாள். மூடும் நேரத்தில் மூச்சிரைக்க ஒருவர் வந்தார். காலையில் ஏறியது கெட்டுப்போயிற்று, நடுவில் நிற்காத ஒரு பயணம் வேண்டும், ஒன்றே ஒன்று என்று கெஞ்சினார். அவரை ஏற்றிவிட்டது அவள்தான்.

ஆனால் அது பலகைக்கு முன்பு. பன்னிரண்டு நாளாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அப்போது பலகை தொங்கவில்லை, கயிறு கட்டவில்லை. ஒரு பயணியை ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான். நிறுத்தியது மேலே இருந்தவருடைய தப்பு. சொல்லச் சொல்ல அது நினைவு மாதிரியே ஆகிவிட்டது.

*

விபத்துக்குப் பிறகு மூன்றாம் லிஃப்டில் பயணிகள் இல்லை. கம்பி உறையாமலிருக்க நாளுக்கு ஒரு தரம் வெறுமனே ஓட்டினார்கள். கீழே இருந்தவர் ஷிமோஜோ. ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருஷமாக அதே நிலையம். கனயேயைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“துப்பறியற வேலையாமே? இங்க இருக்கும்போது உன் கையுறையே உனக்குக் கிடைக்காது.”

“அதான் அண்ணே, சாரை வேலைக்கு வெச்சிருக்கேன். தேடித் தருவாரு.”

தாங்கள் மேலே போய்வர வேண்டும் என்று தொகிதா கேட்டார். ஷிமோஜோ தலையாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். சுற்றி வந்த நாற்காலியில் ஒரு சாண் பனி. இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. இரண்டு பேர் உட்காரும் இடமும் சுத்தமாகிவிட்டது. அடுத்த நொடி நாற்காலி இருவருடைய முழங்கால் பின்புறத்தைத் தட்டி ஏந்திக்கொண்டது.

இருபத்திரண்டு நிமிஷம். பேச விருப்பமில்லாத ஒருவரோடு தோள் உரச உட்கார்ந்திருப்பதற்கு அது நீண்ட நேரம். இந்த லிஃப்டில் ஏறியவன் இறங்குவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். கனயே அதைச் சொல்லிப் பார்த்தாள். தொகிதா சிரிக்கவில்லை. உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஆறு செகண்டுக்கு ஒரு நாற்காலி,” என்றார் வெகுநேரம் கழித்து.

“சாருக்கு நாலு நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை.”

பாதி தாண்டியதும் காற்று அடித்தது. நாற்காலி பக்கவாட்டில் ஆடியது. கீழே உகாய் கிடந்த இடத்தில், ஒரு கம்பத்தடியில், யாரோ ஒரு கிண்ணத்தில் இரண்டு ஆரஞ்சுப் பழம் படைத்திருந்தார்கள். பனி அதைப் பாதி மூடியிருந்தது. நிலையம் வரும்வரை கம்பியின் உருளைகள் கம்பங்களில் தடதடப்பது மட்டும் கேட்டது.

கொமகாதா மெலிந்த மனிதர். தேநீர் கொடுத்தார். தான் கையெழுத்துப் போடப் போவதை, நாளைக்குத் துணி துவைக்கப் போவதைப் போலச் சொன்னார். பலகை வந்ததும் நிறுத்தியதாகத்தான் தனக்கு நினைவு. ஆனால் தன் நினைவு பெரிதா, அங்கே தொங்கிய ஆள் பெரிதா என்று கேட்டார். பன்னிரண்டு நாளாகப் படுத்தால் அந்த ஆளின் குரல் கேட்கிறது. கேட்காத குரல் எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை என்றார்.

தொகிதா அவருடைய பதிவேட்டைப் பார்த்தார். பலகை: நாற்காலி 97. கீழே புறப்பட்டது 4.00. மேலே வந்தது 4.22. நிறுத்தியது 4.22.

“வந்த அதே நிமிஷத்துல நிறுத்திட்டீங்களா?”

“இந்த வருஷம் அப்படித்தான் சார். முன்னெல்லாம் பலகை வந்த பிறகும் இன்னொரு அரைமணி சும்மா ஓட விடுவோம். நாற்காலியில இருக்கற பனி உதிரட்டும்னு. இப்ப கரண்ட் மிச்சம் பண்ணணுமாம். பலகை வந்ததா, பொத்தானை அமுக்கு. டிசம்பர்ல வாயால சொன்னாங்க.”

கனயே தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தாள். அந்த அரைமணி அவளுக்குத் தெரியும். அவள் காலத்தில் பயிற்சியாளர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். பலகை போன பிறகும் கெஞ்சி வருகிறவனை ஏற்றிவிடுவார்கள். எப்படியும் அரைமணி ஓடும். நல்ல மனசு என்று அதற்குப் பெயர். அந்த அரைமணியை எடுத்துவிட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் வேலையை விட்டவளிடம் யார் சொல்வார்கள்?

ஆனால் நான் ஏற்றியது பலகைக்கு முன்பு, என்று மறுபடி சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவை அது அத்தனை எளிதாக வரவில்லை.

தொகிதா நோட்டை எடுத்து 188 என்ற எண்ணைக் கொமகாதாவுக்குக் காட்டினார். எண்கள் வரிசையாகத்தானே வரும் என்று கேட்டார். வரிசையாகத்தான் வரும். தொண்ணூற்றேழு போய்த் தொண்ணூற்றொரு நாற்காலி கழித்துத்தான் நூற்றெண்பத்தெட்டு. ஆறு செகண்டு வீதம் ஒன்பது நிமிஷம்.

“அவர் உங்க பலகைக்கு முன்னாடி ஏறல,” என்றார் தொகிதா. “ஒன்பது நிமிஷம் கழிச்சு, 4.09க்கு ஏறியிருக்கார். நீங்க சரியாத்தான் நிறுத்தியிருக்கீங்க.”

கொமகாதா வெகுநேரம் அந்த எண்ணைப் பார்த்தார். மகிழ்ச்சி அடைந்த மாதிரித் தெரியவில்லை. “அப்படின்னா கீழ யாரோ ஏத்தியிருக்காங்க,” என்று மட்டும் சொன்னார்.

*

இறங்கி வந்தபோது ஷிமோஜோ தன் குடிசையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு, அரிசி உருண்டைகளை அதன்மேல் வாட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒன்று கொடுத்தார். கனயே வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

பலகைக்குப் பிறகு யாரையும் ஏற்றவில்லை என்றார் ஷிமோஜோ. கயிறு கட்டினேன், போன் செய்தேன், உள்ளே வந்து பதிவேடு எழுதினேன். ஜன்னல் முழுக்க உறைபனி. வெளியே ஒன்றும் தெரியாது. அந்த மனிதர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து தானே ஏறியிருப்பாரோ என்னமோ. பாவம், சறுக்கவே சரியாக வராதவர். காலையில் இரண்டு தரம் விழுந்தார்.

தொகிதா அரிசி உருண்டையைத் தின்று முடித்தார். விரல்களைத் துடைத்தார். அப்புறம், மறுநாள் காலையில் லிஃப்டை ஓட்டியபோது நாற்காலிகளில் பனி எப்படி இருந்தது என்று கேட்டார்.

இதைக் கேட்கத்தான் முப்பது வருஷமாக ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போல ஷிமோஜோ உற்சாகமானார். பலகைக்குப் பின்னால் வந்த நாற்காலிகளை யாரும் பெருக்குவதில்லை. ஆகவே பழைய பனியும் ராத்திரிப் பனியும் சேர்ந்து தலையணை மாதிரி குவிந்திருக்கும். அன்றும் அப்படித்தான் வரிசையாக வந்தன.

“நடுவுல ஒண்ணு மட்டும் வித்தியாசமா வந்துது. தட்டையா. பாய் விரிச்ச மாதிரி.”

“பாதியா, முழுசாவா?”

“முழுசா. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அடுப்பின்மேல் அரிசி உருண்டை கருகும் வாசனை வந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

“ஒருத்தர் தானா ஓடி வந்து ஏறினா, தான் உக்கார்ற இடத்தை மட்டும்தான் தட்டுவார்,” என்றார் தொகிதா மெதுவாக. “பக்கத்து இடத்துல பழைய பனி அப்படியே இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்னா, ஒரே வீச்சுல பெருக்கியிருக்கு. துடைப்பம். அதைப் பிடிக்கத் தெரிஞ்ச கை.”

ஷிமோஜோ தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கத் துடைப்பக் காம்பு போட்ட காய்ப்பு. அவர் முகம் வெளுப்பதைக் கனயே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அப்போ நான்தானா?” என்றார்.

தொகிதா அடுப்பைத் தணித்தார்.

“ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை பெருக்கறேன் சார். வீட்ல தூக்கத்துலகூட கை வீசுதுன்னு பொண்டாட்டி தனியாப் படுத்துக்கறா. நாலாயிரத்துல ஒண்ணு எனக்குத் தெரியாமலே நடந்திருக்கும். வெளிய போயிருப்பேன். அவர் நின்னுட்டிருந்திருப்பார். கை பாட்டுக்குச் செஞ்சிருக்கும்.” அவர் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். “எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா வேற யாரு? இங்க இருந்தது நான் ஒருத்தன்தானே.”

நாளைப் பத்து மணிக்குக் கொமகாதாவுக்குப் பதிலாகத் தானே போவதாகச் சொன்னார். பன்னிரண்டு நாளாகக் கொமகாதாவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்ததாகவும், எதிரில் வந்தால் வணக்கத்துக்குத் தலைகூடத் தாழ்த்தவில்லை என்றும், அவருக்குச் செய்த கெடுதல் அது போதாதா என்றும் சொன்னார். குரல் உடையவில்லை. அதைத்தான் கேட்கத் தாங்க முடியவில்லை.

தொகிதா தன் நோட்டைத் திறந்தார். பேனாவின் மை உறைந்திருந்ததால் அடுப்பருகே நீட்டிச் சூடாக்கிக்கொண்டு எழுதினார். ஷிமோஜோ, கீழ் நிலையம், 4.09. எழுதி முடித்து அடியில் ஒரு கோடு போட்டார். வழக்கு முடிந்துவிட்டது என்பதற்கு அவருடைய கோடு அது. ஐந்து வருஷத்தில் கனயே அதை அறுபது எழுபது தடவை பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளிடமிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வரும். தொகிதா பழக்கத்தில் அதற்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

அவள் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கயிறு உறைந்திருந்தது. கொக்கியிலிருந்து எடுக்கும்போது அது வளையவில்லை, ஒரு கழி மாதிரி நிமிர்ந்து நின்றது. கையுறையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அவள் அதை உதறிவிட்டுச் சிரித்தாள். அந்த மனிதரும் சிரித்தார். கயிறு இருந்தது. கயிறு இருந்தால் பலகை போய்விட்டது என்று அர்த்தம். அரைமணி ஓடும், பரவாயில்லை, ஏறுங்க என்று சொன்னது அவளுடைய வாய்தான். துடைப்பம் சுவரில் சாய்ந்திருந்தது. மாணவர்களை ஏற்றிவிடப் பெருக்கிய ஏழு வருஷப் பழக்கம், இடமிருந்து வலம். போன் பண்ணி மேலே சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்ததும் உண்டு. நாலே காலுக்குப் பேருந்து இருந்தது.

யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் போதும். கோடுகூடப் போட்டாகிவிட்டது.

“அண்ணே, உக்காருங்க,” என்றாள்.

ஷிமோஜோ உட்கார்ந்தார்.

“அது உங்க கை இல்ல. நான்தான் ஏத்தினேன். கயித்தை எடுத்துட்டு, உங்க துடைப்பத்தாலயே பெருக்கி ஏத்திவிட்டேன். அரைமணி ஓடும்னு நெனைச்சேன்.”

பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இரண்டு தரம் நன்றி சொன்னது, நாற்காலி எண்ணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது, பேருந்தில் தான் தூங்கிப்போனது. வெளியே லிஃப்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஆறு செகண்டுக்கும் ஒரு நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது. எத்தனை திரும்பின என்று யாரும் எண்ணவில்லை.

முதலில் பேசியது ஷிமோஜோதான்.

“கொமகாதாவைப் பன்னெண்டு நாள் விட்டே. சரி, அவன் உனக்கு யாரோ. என்னை ஏம்மா அஞ்சு நிமிஷம் அப்படி நெனைக்க விட்டே?”

கனயே கையிலிருந்த அரிசி உருண்டையை அடுப்போரம் வைத்தாள்.

தொகிதா நோட்டைத் திறந்து, தான் எழுதியதை அடித்தார். ஒரே கோட்டில் அடிக்கவில்லை. எழுத்து எழுத்தாக, எதுவும் படிக்க முடியாதபடி அடித்தார்.

“நானும் தப்பா எழுதிட்டேன்,” என்றார். “உன் கையிலயும் காய்ப்பு இருந்தது எனக்குத் தெரியும். அஞ்சு வருஷமாத் தெரியும். பாக்கத் தோணல.”

“சார் என்னைப் பாக்க மாட்டீங்க, நான் சொல்றதையும் கேக்க மாட்டீங்க. அதனாலதான் உங்ககிட்டயே இருந்தேன்,” என்றாள் கனயே. அவள் அன்று சொன்ன கடைசி வேடிக்கைப் பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனது கனயே. தொகிதா வண்டி ஓட்டினார்.

கொமகாதா கையெழுத்துப் போடவில்லை. அவர் மேல் நிலையத்தில் இன்னும் ஆறு குளிர்காலம் வேலை பார்த்தார். பலகை வந்த பிறகும் அரைமணி ஓட விடும் வழக்கம் திரும்ப வந்தது. இந்தத் தடவை அதை எழுதி ஒட்டினார்கள். ஷிமோஜோ அந்த மாதத்தோடு துடைப்பத்தை விட்டுவிட்டு வாடகை ஸ்கீ கடையில் சேர்ந்தார். கனயேயிடம் பிறகு பேசினாரா என்பதில் எனக்குக் கிடைத்த இரண்டு பதில்கள் ஒத்துப்போகவில்லை. தொகிதா வேறு உதவியாளர் வைத்துக்கொள்ளவில்லை. கனயேவுக்கு இரண்டு வருஷச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக; உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. அவள் இப்போது நகாவோகாவில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறாள். உகாயின் மனைவிக்கு ஒவ்வொரு பிப்ரவரியிலும் கடிதம் எழுதுகிறாள். அந்த அம்மாள் பதில் எழுதியதில்லை. கடிதங்களைத் திருப்பி அனுப்பியதும் இல்லை.